பழைய பாகங்களில் ஒரு கைக்கடிகாரம்: டயலில் தொடங்காதீர்கள்

பழைய பாகங்களைத் தேடிப் பிடித்துக் கைக்கடிகாரம் கட்டுகிறவர்களில் பலரும் முதலில் வாங்குவது டயலைத்தான். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். வெள்ளை மங்கித் தேன் நிறமாகியிருந்த ஒரு டயலைக் கண்டதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கிவிட்டேன். டயலின் பின்னால் இரண்டு சிறிய செப்புக் கால்கள் இருக்கும். இயந்திரத்தின் துளைகளில் அவை இறங்கி உட்கார வேண்டும். அவை அமையும் இடம் கேலிபருக்குக் கேலிபர், அதாவது இயந்திர வகைக்கு வகை, மாறும். என்னிடம் இருந்த எந்த இயந்திரத்திலும் அது உட்காரவில்லை. காலை வெட்டிவிட்டுப் பசையால் ஒட்டுகிறவர்கள் உண்டு. வெட்டிய கால் முளைக்காது. மறுபடி பற்றவைக்கப் போனால் சூட்டில் முன்பக்க வண்ணம் கொப்பளித்துவிடலாம்.

ஆகவே இயந்திரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கடிகாரக் கூடும் டயலும் முட்களும் அதன் பின்னால் வரட்டும். "13 லீன் இயந்திரம்" என்ற விவரத்தை மட்டும் நம்பிக் கூடு வாங்காதீர்கள். ஒரு லீன் என்பது ஏறத்தாழ 2.256 மி.மீ. ஒரே விட்டத்தில் எத்தனையோ கேலிபர்கள் உண்டு. சாவித்தண்டு நுழையும் உயரம் சற்று மாறினாலும் கூட்டின் துளைக்கு நேராக வராது. முட்களும் அப்படித்தான். ஈடிஏ என்ற சுவிஸ் நிறுவனத்தின் 2824 இயந்திரத்துக்கு மணிமுள்ளின் துளை 1.50 மி.மீ., நிமிடமுள் 0.90, விநாடிமுள் 0.25. பெரிய துளையை இடுக்கியால் நசுக்கிப் பொருத்தினால் முள் சாய்ந்து, பன்னிரண்டு மணிக்கு அடுத்த முள்ளோடு உரசி நிற்கும்.

பாகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட எண்ணைச் சொல்லிக் கேட்பது நல்லது. சுவிஸ் பட்டியல்களில் 401 சாவித்தண்டு, 705 எஸ்கேப் சக்கரம் (விசையைத் துடிப்பு துடிப்பாக விடுவது), 721 முழு பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளப்பது). கேலிபர் எண்ணின் வாலையும் பாருங்கள். ஈடிஏ 6497-1 மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. 6497-2 துடிப்பது 21,600 முறை. பேலன்ஸ் சக்கரத்தையும் அதன் மயிர்ச்சுருள் என்ற மெல்லிய வில்லையும் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதும் வீண்செலவு. அவை ஜோடியாகவே சரிபார்க்கப்பட்டவை.

அடுத்தது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. 1960கள் வரை வந்த பல டயல்களிலும் முட்களிலும் ஒளிப்பூச்சாக ரேடியம் இருக்கிறது. இருட்டில் ஒளிரவில்லையே, செத்துவிட்டது என்று நினைத்துச் சுரண்டுகிறார்கள். செத்தது அதனோடு கலந்த துத்தநாக சல்ஃபைடுதான். ரேடியம்-226-இன் அரைவாழ்வு சுமார் 1,600 ஆண்டுகள். சுரண்டும்போது பறக்கும் தூசு மூச்சோடு உள்ளே போகும். தூரிகையை உதட்டால் கூராக்கி டயல்களுக்கு இதே பூச்சைத் தீட்டிய அமெரிக்கத் தொழிலாளப் பெண்கள் 1920களில் தாடை எலும்பு அழிந்து இறந்தார்கள். ரேடியம் என்று சந்தேகம் வந்தால் தொடாமல் விடுங்கள். புதுப் பூச்சுள்ள முட்களை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒளிப்பூச்சில் வந்த டிரிடியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டுகள்தான். 'சுவிஸ்' என்ற சொல்லின் இரு பக்கமும் ஆங்கில 'டி' எழுத்து இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

கூட்டைப் பளபளவென்று தேய்க்காதீர்கள். மழுங்கிய விளிம்பு திரும்பாது.

இயந்திரத்தைப் பிரிக்கும்போது, சுருள்வில்லின் முறுக்கை விடுவிக்காமல் பேலட் ஃபோர்க்கின் (எஸ்கேப் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும் கவை) பாலத்தைக் கழற்றினால் சக்கரங்கள் கட்டவிழ்ந்து சுழலும். பல்லோ அச்சு நுனியோ உடையலாம். எல்லாம் பூட்டிய பிறகு, துடிப்பைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைமிங் கருவியில் வைத்ததும் மகிழ்ந்துவிடவும் கூடாது. பல கருவிகள் லிஃப்ட் கோணத்தை (ஒவ்வொரு துடிப்பிலும் பேலன்ஸ், பேலட் ஃபோர்க்கோடு சேர்ந்து நகரும் கோணம்) 52 பாகை என்று வைத்துக்கொண்டே தொடங்கும். 6497-க்கு அது 44. மாற்ற மறந்தால், பேலன்ஸின் ஆட்டம் 270 பாகை என்று திரையில் தெரிவது உண்மையில் 230-ஐ ஒட்டியதுதான். ஒரு வாரம் அந்தப் பொய்யான எண்ணைப் பார்த்துப் பூரித்திருந்தேன். பிறகு மறுபடி பிரித்தபோது, பேலட் ஃபோர்க்கின் அச்சு நுனிகளில் நான் தாராளமாக விட்டிருந்த எண்ணெய் தெரிந்தது. அங்கே எண்ணெயே விடக் கூடாது.