மாக்பெத்தை வைத்துத் துன்பியல் நாயகனைப் படிப்பது எப்படி?

"மாக்பெத்தின் குறை பேராசை, அதுவே அவனை அழித்தது." ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தில் துன்பியல் நாயகனை, அதாவது தன் குறையாலேயே வீழும் உயர்ந்த மனிதனை, விளக்கச் சொன்னால், இந்த ஒரு வரியோடு நின்றுபோகும் விடைகள் ஏராளம். சொன்னது சரிதான், ஆனால் நாடகத்தைத் திறக்காமலே இதை எழுதிவிடலாம். அந்தக் குறை மேடையில் எப்படி வளர்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு எளிய வழி, ஒரே உத்தி (தனிமொழி, நாடக முரண், படிமம் போன்றவை) வரும் இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது. இடையில் மாறியிருப்பதுதான் பாத்திர வளர்ச்சி.

ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: அங்கமும் காட்சியும், சொன்ன சொற்கள், அதைக் கேட்பவர் யார். பலரும் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். அது எவ்வளவு தேவை என்பது பின்னால் தெரியும்.

படி 1: உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதல் அங்கம் 2ஆம் காட்சியில் மாக்பெத் மேடையிலேயே இல்லை. காயம்பட்ட வீரன் ஒருவன் அவன் போர்த்திறத்தைச் சொல்கிறான், அரசன் டங்கன் மகிழ்ந்துபோகிறான். முழு நல்லவனோ முழுத் தீயவனோ வீழ்ந்தால் அது துன்பியலாகாது என்றார் அரிஸ்டாட்டில். இந்தப் புகழ்ச்சியைக் குறிக்காமல் விட்டால், பின்னால் வருவது ஒரு கொலைகாரனின் கதையாக மட்டுமே தெரியும்.

படி 2: பக்கத்தில் நிற்பவனைப் பாருங்கள்

அதே அங்கம் 3ஆம் காட்சியில், மாக்பெத் அரசனாவான் என்ற சூனியக்காரிகளின் வாக்கை அவனுடைய சக தளபதி பாங்க்வோவும் கேட்கிறான். சின்ன உண்மைகளைச் சொல்லிப் பெரிய விஷயத்தில் கவிழ்த்துவிடுவார்கள் என்று எச்சரிக்கிறான். மாக்பெத்தின் மனத்தில் அதற்குள் கொலை தோன்றிவிடுகிறது. அவர்கள் சொன்னது "அரசனாவாய்" என்பது மட்டுமே, கொல்லச் சொல்லவில்லை. இந்த ஒப்பீட்டைத் தவறவிட்டவர்கள்தான் பழியை விதியின் மேல் போடுகிறார்கள்.

படி 3: தனிமொழிகளை எதிரெதிரே வையுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தனிமொழி என்பது பாத்திரம் தனியாக நின்று மனத்தில் உள்ளதைப் பேசுவது. டங்கனைக் கொல்லலாமா என்று மாக்பெத் யோசிக்கும் முதல் அங்கம் 7ஆம் காட்சித் தனிமொழி ஏறத்தாழ 28 வரி. தொடக்க வாக்கியத்தில் செயலுக்குப் பெயரே இல்லை, "அது", "அது" என்றே சுற்றி வருகிறான். பிறகு தடைகளை அவனே எண்ணுகிறான்: டங்கன் என் உறவினன், என் அரசன், என் வீட்டு விருந்தாளி, அதற்கு மேல் நல்லவன். தூண்டுவதற்கு மிஞ்சுவது பேராசை ஒன்றே என்பதையும் அவன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான்.

இப்போது நாலாம் அங்கம் முதல் காட்சியின் முடிவுக்கு வாருங்கள். தன்னை எதிர்க்கும் பிரபு மாக்டஃப் தப்பிவிட்டான் என்று கேட்டதும், அவனுடைய மனைவி மக்களைக் கொல்ல மாக்பெத் முடிவெடுக்கிறான். மனத்தில் முதலில் எழுவதே இனி கையின் முதல் செயல் என்கிறான். எதிர்க்காரணம் ஒன்றுகூட இல்லை. தன்னோடு வாதாடிய மனிதன் வாதத்தையே விட்டுவிட்டான்.

படி 4: நாடக முரண்

பாத்திரத்துக்குத் தெரியாதது பார்க்கும் நமக்குத் தெரிந்திருப்பதே நாடக முரண். முகத்தைப் பார்த்து மனத்தை அறியும் கலை கிடையாது என்று டங்கன் தன்னை ஏமாற்றிய பழைய துரோகியைப் பற்றிச் சொல்லி முடிக்க, மாக்பெத் உள்ளே நுழைகிறான் (1.4, அதாவது முதல் அங்கம் 4ஆம் காட்சி). டங்கன் முகத்தை நம்பிக் கெட்டான். ஐந்தாம் அங்கத்தில், பர்னம் காடு நகராது, பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் தனக்குச் சாவில்லை என்று மாக்பெத் சூனியக்காரிகளிடம் கேட்ட சொல்லை நம்பிக் கெடுகிறான். ஏமாற்றியவனே ஏமாறுவதை நாம் பார்க்கிறோம்.

படிமங்களில் (திரும்பத் திரும்ப வரும் சொல்லோவியங்களில்) ரத்தத்தை எல்லாரும் எழுதுவார்கள், ஆடையைத் தேடுங்கள். இரவல் உடையை எனக்கு ஏன் உடுத்துகிறீர்கள் என்று மாக்பெத்தே கேட்கிறான் (1.3). அரசப் பட்டம் அவன்மேல், குள்ளத் திருடன் போட்ட அரக்கனின் அங்கிபோலத் தொங்குகிறது என்று பிறர் சொல்கிறார்கள் (5.2).

வழக்கமாகப் பிசகும் இடம்

மனைவிதான் கெடுத்தாள் என்று எழுதுவது. டங்கன் கொலைக்கு அவள் தூண்டியது உண்மை. ஆனால் பாங்க்வோவைக் கொல்ல ஆள் அனுப்பியதை அவளிடமே மறைக்கிறான் (3.2). மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள்: முன்பு கடிதத்தில் எல்லாம் சொன்னவன், இப்போது அவளுக்கும் சொல்வதில்லை.

விடை எழுதும்போது ஒரு பத்திக்கு ஓர் உத்தி போதும். இரண்டு இடங்களையும் காட்சி எண்ணோடு சொல்லி, மாற்றத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். உத்தியின் இலக்கணத்தை விளக்க வரிகளைச் செலவழிக்க வேண்டாம்.