காஸ் அடுப்பும் கரண்ட் அவணும் சேர்ந்த குக்கர்: பூட்டும்போது வந்த இரண்டு கோளாறு

மேலே நாலு காஸ் பர்னர், கீழே கரண்ட் அவண். திருகோணமலை வீட்டில் பூட்டிய அன்றே சுவாலை மஞ்சளாக எழும்பிச் சட்டி அடியில் கரி பிடித்தது. குக்கர் குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்குச் செய்தது. சிலிண்டர் காஸுக்கு (எல்பி) காஸ் வெளிவரும் ஜெட்டின் துளை சிறிதாக இருக்கவேண்டும். பர்னர் மூடியைத் தூக்கினால் நடுவே பித்தளை ஜெட் தெரியும். அதில் பொறித்திருக்கும் எண்தான் அளவு: 72 என்றால் 0.72 மில்லிமீற்றர். 7 மில்லிமீற்றர் சொக்கெட்டால் கழற்றி, அந்த மொடலுக்குரிய எல்பி ஜெட்டைப் போட்டேன். ஜெட்டை ஊசியால் குத்தவே வேண்டாம், துளை பெருத்துவிடும். நொப்புக்கு உள்ளே இருக்கிற சின்ன பைபாஸ் திருகையும் (சிம் சுவாலையின் அளவைத் தீர்மானிப்பது) இறுக்கவேண்டும். இதை விட்டால் சிம்மில் சுவாலை குறையாது.

அவணைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. மாதக்கணக்காகக் கடற்காற்றில் கிடந்த அவணின் சூடாக்கும் கம்பி (எலிமென்ற்) ஈரம் குடித்திருந்தது. உள்ளேயுள்ள மக்னீசியம் ஒக்சைட் ஈரத்தை இழுத்தால் கரண்ட் ஏர்த்துக்குக் கசியும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உடனே விழும். சுவிட்சைத் தவிர்த்து வயர் இழுப்பது உயிராபத்து. எலிமென்ற்றைக் கழற்றி, வேறொரு அவணில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, எலக்ட்ரீசியன் மெகரால் (கசிவுக்கு எதிரான தடையை அளக்கும் கருவி) அளந்து 1 மெகா ஓமுக்கு மேல் காட்டிய பிறகே பூட்டினோம்.

2.8 கிலோவாட் அவண் 230 வோல்ற்றில் 12 அம்பியருக்கு மேல் இழுக்கும். 13 அம்பியர் பிளக் சூடேறும்; 4 சதுர மில்லிமீற்றர் வயரில் 20 அம்பியர் பிரேக்கரோடு தனி லைன் எடுங்கள். காஸ் ஹோஸ் கிளிப் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலாகவே இருக்கட்டும், மற்றது உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். காஸ் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு.