டி டிரைவில் போட்டு வைத்தால் அது பேக்கப் இல்லை

"எல்லாம் டி டிரைவில்தான் இருக்கு, பத்திரமா இருக்கும்" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். விண்டோஸ் கெட்டுப்போனால் சரிசெய்ய வருபவர் சி-யை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு டி-யைத் தொடாமல் விடுவார், அதிலிருந்து வந்த நம்பிக்கை இது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கைத் தடுத்துப் பிரித்த இரண்டு அறைகள்தான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். என் டிஸ்க் ஒருநாள் காலையில் 'டிக்... டிக்...' என்று சத்தம் போட ஆரம்பித்தது, நான் திரும்பத் திரும்ப ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தேன், மதியத்துக்குள் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்வதையே நிறுத்திவிட்டது. மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அதோடு போயின. அந்தச் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? உங்களிடம் இருக்கும் படங்கள், ஆவணங்களைப் போல இரண்டு மடங்கு கொள்ளும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்குங்கள். பென் டிரைவ் வேண்டாம், அது எடுத்துப் போகத்தான், வருடக்கணக்கில் வைத்துக் காக்க அல்ல. டிஸ்க்கைச் செருகி, கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரி என்று இருப்பதைத் திறந்து 'டர்ன் ஆன்' கொடுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் முதல்முறை மொத்தமாகப் போகும், அதற்குச் சில மணி நேரம்கூட ஆகலாம். அப்புறம் மாறியவை மட்டும் போகும், பழைய பதிப்புகளும் கூடவே இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது, டி-யில் நீங்களே உருவாக்கிய ஃபோல்டர் தானாகச் சேராது. அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'இன்க்லூட் இன் லைப்ரரி' கொடுத்தால்தான் சேரும். டேலியில் கணக்கு எழுதுபவர்கள் அதற்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியைத் தனியாகப் பயன்படுத்துங்கள்.

வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். இதைத்தான் பலரும் செய்வதில்லை. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியபோது கம்ப்யூட்டரோடு இணைந்திருந்த டிஸ்க்குகளில் இருந்த ஃபைல்களையும் சேர்த்துத்தான் அது பூட்டியது. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், செருகி ஃபைல் ஹிஸ்டரியில் 'ரன் நவ்' கொடுத்து, முடிந்ததும் 'இஜெக்ட்' கொடுத்து எடுத்துவிடுங்கள்.

கூகுள் டிரைவ் இருக்கிறதே என்பீர்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயிலும் போட்டோஸும் சேர்ந்து பங்குபோட்டுக்கொள்கின்றன. அதைவிட முக்கியம், சின்க் என்றால் இங்கே அழித்தது அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். முக்கியமான சில ஆவணங்களுக்கு அது போதும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளின் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். கம்ப்யூட்டரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே வீட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் நனையும். முடிந்தால் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி அக்கா வீட்டிலோ ஊரில் அம்மாவிடமோ கொடுத்து வையுங்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது புதியதைக் கொடுத்துப் பழையதை எடுத்து வரலாம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. டிஸ்க்கை வேறொரு லேப்டாப்பில் செருகி ஃபைல்ஹிஸ்டரி என்ற ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னும் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும், பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் சேமிக்கும். அதில் ஒரு படத்தை, ஒரு வீடியோவைத் திறந்து கடைசிவரை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு டிஸ்க்கைப் பீரோவில் வையுங்கள்.