டுப்ரோவ்னிக் பழைய நகரில் கைடோடு நடக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

குரோஷியாவின் டுப்ரோவ்னிக் பழைய நகரம் கையளவுதான். ஸ்ட்ராடுன் என்கிற நடுத்தெரு சுமார் 300 மீட்டர். ஐந்து நிமிடத்தில் அந்தக் கோடிக்குப் போய்விடலாம். ‘இவ்வளவூண்டு ஊர்தானே, எப்போ நடந்தா என்ன?’ என்று பலரும் காலை பதினொரு மணி டூருக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். பெரிய தவறு அதுதான். க்ரூஜ் துறைமுகத்தில் நிற்கும் சொகுசுக் கப்பல்களிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறவர்கள் பழைய நகரின் மேற்கு நுழைவாயிலான பீலே வாசலில் வந்து குவிவது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். கைடு பேசுவது காதில் விழாது, முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். காலை எட்டு மணி டூரோ மாலை டூரோ இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

‘ஒனோஃப்ரியோ நீரூற்றுக்கு வந்துவிடுங்கள்’ என்று சொல்வார்கள். அந்தப் பெயரில் இரண்டு உண்டு. பீலே வாசலுக்குள் நுழைந்ததும் இருப்பது பெரியது, பதினாறு பக்கம் கொண்டது. தெருவின் மறுகோடியில், மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருப்பது சிறியது. எந்த ஒனோஃப்ரியோ என்று கேட்டுக்கொள்ளாமல் போனால் நீங்கள் ஒரு கோடியில், குழு மறு கோடியில்.

செருப்பு விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். ஸ்ட்ராடுனில் பதித்த சுண்ணாம்புக்கல் பல தலைமுறைக் கால்பட்டு வழவழவென்று மின்னும். ஒரு தூறல் போட்டால் பாசி பிடித்த படித்துறைதான். வயதானவர்களோடு போனால், டூர் ப்ரியெக்கோ தெருப்பக்கம் ஏறுமா என்று முதலிலேயே கேளுங்கள். அந்தச் சந்துகள் முழுக்கப் படிக்கட்டு.

நகரச் சுவரில் நடப்பதும் டூரில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் சேராது, அதற்குத் தனி டிக்கெட். 1,940 மீட்டர் நீளம், நிழலே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை உச்சிவெயிலில் ஏறுவது வம்பு. அதே டிக்கெட்டில் லோவ்ரியெனாட்ஸ் கோட்டைக்கும் போகலாம் என்பதால், இறங்கியதும் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். நீச்சல் உடையிலோ சட்டை இல்லாமலோ ஊருக்குள் திரிந்தால் அபராதம் உண்டு.

இங்கே படமாக்கப்பட்ட ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிவி தொடரின் இடங்களைக் காட்டும் டூர் எடுப்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை மட்டும் எடுத்தால் ஜெசூயிட் படிக்கட்டில் ஒரு செல்ஃபியோடு ஊர் முடிந்துவிடும். 1667 ஏப்ரல் 6-ம் தேதி நிலநடுக்கத்தில் ஊரின் பெரும்பகுதி தரைமட்டமானது. தப்பிய சிலவற்றில் ஸ்பொன்சா மாளிகையும் ஒன்று. ஸ்ட்ராடுன் வீடுகள் ஒரே உயரத்தில் அளந்து வைத்த மாதிரி நிற்கின்றனவே, அவை அதற்குப் பிறகு ஒரே திட்டத்தில் எழுந்தவை. தரைத்தளக் கடைவாசலைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்: ஒரே வளைவுக்குள் கதவும் ஜன்னலும். பாதி வாசல் திறந்திருக்கும், மீதிப் பாதியில் இடுப்பளவுக்குக் கல்மேடை. கடைக்காரர் உள்ளே நின்றபடி அதன் மேலேயே சரக்கை வைத்து விற்பார். எத்தனையோ பேர் அந்த மேடையில் ஐஸ்க்ரீம் கப்பை வைத்துவிட்டு, என்னவென்று பார்க்காமலே போகிறார்கள்.

பிரான்சிஸ்கன் மடத்துச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்முகத்தின் மேல் ஏறி நிற்க எப்போதும் கூட்டம். விளையாட்டுதான், நடக்கட்டும். ஆனால் அதே மடத்துக்குள் 1317-ல் தொடங்கிய மருந்தகம் இருப்பதைத் தவறவிடாதீர்கள்.

யுகோஸ்லாவியா உடைந்தபோது இங்கே நடந்த போரைப் பற்றிக் கேட்கும்போது நிதானம் வேண்டும். 1991 டிசம்பர் 6 அன்று இந்த நகரத்தின் மேல் குண்டுமழை பொழிந்தது. உங்கள் கைடு நடுவயதுக்காரர் என்றால், அன்று ஏதோ ஒரு வீட்டின் அடித்தளத்தில் பதுங்கியிருந்த குழந்தையாக இருந்திருக்கலாம். ‘சண்டையை ஆரம்பிச்சது யாரு?’ என்று போகிற போக்கில் கேட்காதீர்கள். கூரைகளைக் காட்டிக் கேளுங்கள். பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடுகள் பெரும்பாலும் போருக்குப் பின் மாற்றியவை, வெளிறியவை பழசு. எவ்வளவு அடி விழுந்தது என்பது சுவர்மேலிருந்து பார்த்தால் புரியும்.

டூர்கள் பல மணிக்கூண்டுச் சதுக்கத்தோடு முடிந்துவிடும். அப்படியே ஓட்டலுக்குத் திரும்பாமல் கிழக்குப் பக்கத்து ப்ளோச்சே வாசலைத் தாண்டி நடந்தால் லாஸரெட்டி என்கிற பழைய தனிமைப்படுத்தும் கட்டடங்கள் வரும். கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருகிறவர்களை 30 நாள் ஒதுக்கி வைக்க 1377-லேயே சட்டம் போட்ட ஊர் இது. முதலில் அவர்களைத் தீவிலும் பக்கத்து ஊரிலும் தங்கவைத்தார்கள். இந்தக் கல்கட்டடங்கள் 17-ம் நூற்றாண்டில் வந்தவை. போகும் வழியில் தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். ஒனோஃப்ரியோ குழாயில் வருவது குடிக்கிற தண்ணீர்தான்.