நெடுநாள் நிறுத்திவைத்த ஸ்போர்ட்ஸ் கார் புகைக்கிறதா? நுவரெலியாக் குளிரில் காரணம் கண்டறியும் முறை

2022 எரிபொருள் நெருக்கடியின்போது கொட்டகைக்குள் தள்ளப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்கள் பல, மலையகத்தில் இன்னும் அங்கேயே நிற்கின்றன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் தொடங்கும்வரை பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தில், அவற்றை இரும்புக் கடைக்குப் போட எவருக்கும் மனம் வராது. நுவரெலியாவின் ஏப்ரல் பருவமும் அப்போது நடக்கும் மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டியும் நெருங்கும்போது பற்றரியை மாற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கிறார்கள். பின்னாலிருந்து புகை கிளம்புகிறது. மறுநாளே எஞ்சினைக் கழற்றும் பேச்சு தொடங்கிவிடுகிறது.

அந்தப் பேச்சுக்கு முன்னால் வீட்டு முற்றத்திலேயே செய்து பார்க்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். நான் மீட்டெடுத்தது 1.6 லீட்டர் எஞ்சின் கொண்ட மஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டர் என்பதால் அளவுகள் அதற்குரியவை. முறை எல்லாப் பெற்றோல் கார்களுக்கும் பொருந்தும். புகையின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. புகை எந்த நேரத்தில் வருகிறது, எப்போது நிற்கிறது என்பது நிறத்தைவிட அதிகம் சொல்லும். அதோடு, கடல்மட்டத்தில் உள்ளவர்களுக்காக எழுதப்பட்ட சோதனை அளவுகள் நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில் அப்படியே பொருந்துவதில்லை.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்

பழைய பெற்றோலை முழுவதும் வடித்துவிடுங்கள். வார்னிஷ் போல மணக்கும் பெற்றோலோடு எந்தச் சோதனையும் செய்து பயனில்லை. எஞ்சின் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கிராங் போல்ட்டில் சொக்கெட்டைப் பூட்டி எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். இறுக்கமாக நின்றால் பலத்தைப் பிரயோகிக்காமல் ஒயில் ஊறுவதற்குச் சில நாள் விடுங்கள். தேக்கரண்டி என்றால் தேக்கரண்டிதான். தாராளமாக ஊற்றினால் அந்த ஒயிலே எரிந்து நீலப் புகையாகி உங்களைக் குழப்பும்.

அடுத்து, எஞ்சின் தலையின் பின்புறமுள்ள கேம் ஆங்கிள் சென்சரின் இணைப்பைக் கழற்றிவிட்டால் பெற்றோலும் தீப்பொறியும் ஒருங்கே நின்றுவிடும். அந்த நிலையில், ஒயில் அழுத்த முள் எழும்வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டுச் சுழற்றுங்கள். அதன் பிறகு எல்லாவற்றையும் பூட்டி ஸ்டார்ட் செய்யலாம். முதலில் மேலிருந்து கேட்கும் டிக் டிக் ஓசை, வால்வுகளைத் தள்ளும், ஒயில் இறங்கிப்போன ஹைட்ரோலிக் லிஃப்டர்களுடையது. ஒயில் ஏறியதும் அடங்கும்.

குளிருக்குப் பயந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட விடாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காரை வெளியே தள்ளிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

வெள்ளைப் புகை

இங்கே எஞ்சின்கள் வீணாகத் திறக்கப்படுவது பெரும்பாலும் வெள்ளைப் புகையால்தான். ஆகவே இந்தப் பகுதியை அவசரமில்லாமல் வாசியுங்கள்.

ஒரு லீட்டர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. நெடுநாள் நின்ற காரின் சைலன்சருக்குள் ஏற்கெனவே ஈரம் தேங்கியிருக்கும். கொழும்பில் இந்த ஆவி சில நிமிடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நுவரெலியாவில் பனிமூட்டம் இறங்கிய காலைவேளையில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால், எஞ்சின் முழுதாகச் சூடான பின்னும் ஆவி வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இதற்கு நான் கண்ட நேர்மையான சோதனை, பழுதில்லாத இன்னொரு பெற்றோல் காரை அதே முற்றத்தில், அதே நேரத்தில் ஸ்டார்ட் செய்து இரண்டையும் அருகருகே பார்ப்பதுதான். இரண்டும் ஒரே அளவு வெண்மையாக விட்டால் அது மலைக்குளிர். சந்தேகம் தீராவிட்டால் வெயில் ஏறிய நண்பகலில், காரை இருபது நிமிடம் ஓட்டிச் சைலன்சரின் கடைசி முனைவரை சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். வெறுமனே ஐட்லிங்கில் விட்டால் சைலன்சர் போதிய சூடு ஏறாது.

அப்போதும் புகை அடர்த்தியாக, காற்றில் கரையாமல் தரையோடு ஊர்ந்து சென்றால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எரிகிறதா என்று பார்க்க வேண்டும். இனிப்பான மணம், கூலன்ட் மட்டம் தொடர்ந்து குறைவது, கழற்றிப் பார்த்தால் ஒரு பிளக் மட்டும் கழுவி எடுத்தது போலச் சுத்தமாக இருப்பது ஆகியவை எஞ்சின் தலைக்கு (ஹெட்) அடியிலுள்ள அடைப்பான ஹெட் கெஸ்கட் பழுதானதைச் சுட்டும்.

இதைச் சரிபார்க்க ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, எஞ்சினை ஃபேன் சுற்றும்வரை ஓடவிட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது நம் கராஜ்களில் வழக்கம். நம் உயரத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கு அளவே இருப்பதால், மூடியில்லாத தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். ரோட்ஸ்டரின் ஃபேன் சுவிட்ச் வேலை செய்வதோ 97 பாகை அளவில். நெடுநாள் நின்ற காரின் ரேடியேட்டரைக் கழுவி வெறும் தண்ணீரை நிரப்பியிருந்தால், ஃபேன் சுற்றுவதற்கு முன்பே தண்ணீர் கொதித்துக் குமிழி எழும்பும். அதைப் பார்த்து ஹெட் கெஸ்கட் போய்விட்டது என்று தீர்மானிப்பது பெரும் அநியாயம். குமிழிச் சோதனையை எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் செய்து முடித்துவிட வேண்டும். தண்ணீர் கையைச் சுடாத நிலையிலேயே குமிழிகள் விடாமல் வந்தால்தான் அது சிலிண்டரிலிருந்து கசியும் எரிந்த வாயு. உறுதிப்படுத்த, ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சும் நீல நிறச் சோதனைத் திரவத்தைப் பயன்படுத்துங்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றும் கூலியோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமேயில்லை.

கூலன்ட் குறையவில்லை, திரவமும் நீலமாகவே இருக்கிறது, ஆனாலும் வெள்ளைப் புகை கொட்டுகிறது என்றால் பிரேக் பக்கம் திரும்புங்கள். எங்கள் காரில் காரணம் அங்கேதான் இருந்தது. ஹெட்டை இறக்கியே ஆகவேண்டும் என்று எஞ்சினைப் பார்த்த ஒருவர் உறுதியாகக் கூறியிருந்த நிலையில், பிரேக் ஒயில் மட்டம் மட்டும் காரணமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நெடுநாள் நிற்கும் காரில் அந்த ஈரம், மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஒயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்து ரப்பர் சீல்களைக் கெடுக்கும். பின்புறச் சீல் விட்டுவிட்டால் ஒயில் வெளியே சொட்டாமல், மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டருக்குள் இறங்கும். எஞ்சினின் உறிஞ்சு சக்தி, பூஸ்டர் குழாய் வழியாக அதை இழுத்து எரித்துவிடும். தரையில் ஒரு துளிகூடத் தெரியாது.

கண்டறிவது எளிது. மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்துக்குக் கீழே டோர்ச் அடித்துப் பாருங்கள்: பூஸ்டரின் கறுப்புப் பெயின்ட் சுருங்கி, கொப்புளித்து, விரல் பட்டாலே உரிந்து வரும். பூஸ்டர் குழாயைக் கழற்றி உள்ளே ஒரு வெள்ளைத் துணியை முறுக்கி விட்டெடுத்தால் ஈரம் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு எஞ்சின் பக்கத்துக் குழாய் வாயை இறுக அடைத்துவிட்டு, காரை நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். சிறிது நேரத்தில் புகை குறைந்து நின்றால் காரணம் அதுவே. இந்த நிலையில் காரை ஒருபோதும் வீதியில் இறக்க வேண்டாம். பூஸ்டர் இல்லாத பிரேக் கல் போல இறுகியிருக்கும். குழாயைத் திரும்பப் பூட்டும்போது அதன் நடுவிலுள்ள ஒருவழி வால்வின் அம்புக்குறி எஞ்சினை நோக்கியிருக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரைப் பொறுத்தவரை, உட்புறம் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் சீல் கிட் போட்டு ஒப்பேற்ற வேண்டாம், முழுதாக மாற்றுங்கள். நம் இறக்கங்களில் பிரேக்கில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

நீலப் புகை

ஒயில் எரிகிறது என்பது தெளிவு. எந்த வழியாக இறங்குகிறது என்பதே கேள்வி. இரவு முழுவதும் நின்றபின் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்தாக வந்து நின்றுவிட்டால் காரணம், வால்வுகளின் வழியே ஒயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல்கள். இதற்கு நம்மிடம் சமவெளியில் கிடைக்காத சோதனைக்களம் இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியாக றம்பொடை நோக்கி இறங்கும்போது, தாழ்ந்த கியரில் எக்சிலேட்டரை விட்டுவிட்டு எஞ்சின் பிரேக்கில் வாருங்கள். அப்போது காற்று உள்ளே போகும் இன்டேக்கில் உறிஞ்சு சக்தி மிகக் கூடி, காய்ந்து விறைத்த சீல்களின் வழியாக ஒயிலை உள்ளே இழுக்கும். இறக்கம் முடிந்து மீண்டும் எக்சிலேட்டரை மிதிக்கும் கணத்தில் நீலக் கொத்து ஒன்று கிளம்புவதைப் பின்னால் வருபவர் காண்பார். ஏற்றத்தில் இழுக்கும்போதுதான் புகை தொடர்ச்சியாக வருகிறது என்றால் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் பிஸ்டன் ரிங்குகளைச் சந்தேகிக்கலாம். இவற்றுக்கெல்லாம் முன்னால், வால்வ் கவரிலுள்ள, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். ஓசை வராவிட்டால் அடைத்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

ரிங்கா வால்வா என்று பிரித்தறிய, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை வேண்டும். கையால் அழுத்திப் பிடிக்கும் ரப்பர் முனை மீற்றரை நான் பரிந்துரைக்க மாட்டேன்; பிளக் துளையில் திருகிப் பூட்டுவதையே வாங்குங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், எல்லாப் பிளக்குகளும் கழன்றிருக்க வேண்டும், பற்றரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், எக்சிலேட்டர் முழுதாக மிதிபட்டிருக்க வேண்டும். மஸ்டாவின் கைநூல் இந்த எஞ்சினுக்கு 192 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) என்றும், குறைந்தபட்சம் 135 என்றும், சிலிண்டர்களிடையே வித்தியாசம் 28ஐத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. இவை கடல்மட்ட அளவுகள். நுவரெலியாவின் மெல்லிய காற்றில் புத்தம்புதிய எஞ்சினும் 150 முதல் 155 வரைதான் காட்டும். கைநூலின் எண்ணை 0.8ஆல் பெருக்கிக்கொண்டு ஒப்பிடுங்கள். 145ஐக் கண்டு ரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சிலிண்டர்களிடையே உள்ள வித்தியாசமே எந்த உயரத்திலும் நம்பத்தக்கது. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கவும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ்.

ரிங் என்று தெரிந்தாலும் அவசரப்பட வேண்டாம். நின்ற காரில் ரிங்குகள் தேய்வதில்லை, ஒட்டிக்கொள்கின்றன. நல்ல ஒயிலோடு, எஞ்சினைச் சூடாக்கிச் சில நூறு கிலோமீற்றர் ஓட்டினால் பல வேளைகளில் விடுபடும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனைக்கு அதன் பிறகே செல்லுங்கள்.

கறுப்புப் புகை

பெற்றோல் மிகுதியாகப் போகிறது. அடைபட்ட ஏர் ஃபில்டர், உள்ளே போகும் காற்றை அளக்கும், மடல் சிக்கிக்கொண்ட ஏர் ஃப்ளோ மீற்றர், எஞ்சின் எப்போதும் குளிராக இருப்பதாகவே சொல்லும் கூலன்ட் சென்சர், கசியும் இன்ஜெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். ஏர் ஃப்ளோ மீற்றரின் மடலை விரலால் தள்ளினால் தடையில்லாமல் சென்று தானாகத் திரும்ப வேண்டும்.

பின்னர் சேர்த்தது

பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டர் உள்ள பழைய எம்.ஜி. கார் ஒன்றை வைத்திருக்கும் பண்டாரவளை வாசகர் ஒருவர், கொழும்பில் டியூன் செய்தபோது சுத்தமாக ஓடிய கார் ஊருக்கு வந்ததும் கறுப்பாகப் புகைப்பதாக எழுதியிருந்தார். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, ஆனால் காபரேட்டர் அதற்கேற்பப் பெற்றோலைக் குறைப்பதில்லை. அதனால் கலவை கனத்துவிடுகிறது. கார் எந்த ஊரில் ஓடுமோ அந்த ஊரிலேயே மிக்ஸ்சரைச் சரிசெய்யச் சொன்னேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: மலையில் மெலிதாக்கிய கலவையோடு கொழும்புக்கு இறங்கி நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். மலையில் மெலிதாக்கும்போது மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எத்தனை சுற்றுத் திருப்பினீர்கள் என்பதைக் குறித்துவைத்து, கீழே போனதும் அதே அளவு எதிர்ப்பக்கமாகத் திருப்பி விடுங்கள்.