பாராங் கத்தியின் ஆட்டம் நின்ற விதம்

மலேசியாவின் பேராக்கில் மூங்கில் வெட்ட நான் பயன்படுத்தும் பாராங் என்னும் மலாய் வெட்டுக்கத்தி, ஓங்கி வெட்டும்போதெல்லாம் பிடிக்குள் ஆடத் தொடங்கியது. பூணை இறுக்கினேன், மரச்சீவலை ஆப்பாக அடித்தேன், பசையும் ஊற்றினேன், எதுவும் நிலைக்கவில்லை. பூண் இறுக்கமாகவே இருந்தும், ஒவ்வொரு வெட்டுக்கும் பிடியின் வாயிலிருந்து பழுப்புநிறப் பொடி உதிர்வதைக் கவனித்த பிறகுதான், உள்ளே மறைந்திருக்கும் கத்தியின் வால் துருப்பிடித்து, அதைப் பற்றியிருந்த பிசினும் நொறுங்கிப்போயிருப்பது விளங்கியது. வாலை உருவியெடுத்து, துருவை அரத்தால் ராவி, ஓரங்களில் சிறு வெட்டுகள் இட்டேன். நன்கு உலர்த்திய பிடியின் துளையில் பொடித்த டாமார் என்னும் மரப்பிசினை நிரப்பி, அது உருகிப் பற்றும்படி வாலை மட்டும் சூடாக்கிச் செலுத்தினேன். அலகில் வெப்பம் ஏறினால் அதன் தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்ததால் வந்த கடினம், போய்விடும் என்பதால், அதை முன்பே ஈரத்துணியால் சுற்றியிருந்தேன். முழுதாக ஆறும்வரை அசைக்கவே கூடாது. இப்போது முற்றிய மூங்கிலை வெட்டினாலும் கத்தி ஆடுவதில்லை, பெரிய நிம்மதி.