பட்டறைக்குக் கேள்வியோடு செல்லுங்கள்

மாணவர்களைத் தொழிலகங்களுக்கு அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்கள், அங்கே எதையெல்லாம் பார்க்கலாம் என்று விசாரிப்பதைவிட, அங்கு பணிபுரிவோர் அன்றாடம் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றை முன்கூட்டியே கேட்டு வாங்கி வருவது நல்லது.

எடுத்துக்காட்டாக, 240 செ.மீ. பலகையிலிருந்து 60 செ.மீ. துண்டுகள் எத்தனை கிடைக்கும் என்று கேட்டால், பாடநூல் நான்கு என்று சொல்லும். ஆனால் 3 மி.மீ. தடிமனுள்ள ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் அந்த அளவு மரத்தைத் தூளாக்கிவிடுவதால், மூன்று வெட்டுகளுக்குப் பிறகு கடைசித் துண்டு 59.1 செ.மீ. மட்டுமே இருக்கும் என்பதைத் தச்சர் சொல்லித்தான் மாணவர்கள் அறிவார்கள். வகுப்பில் முதலில் விடை கண்டு, பிறகு பட்டறையில் அதைச் சோதிப்பதே என் பார்வையில் சரியான வரிசை. இது புதிய எண்ணமும் அன்று; அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளியில் சமையலும் தச்சும் நெசவும் பாடங்களுக்கு வாயில்களாக இருந்தன.

தொழில் நடத்துவோரிடம் ஆண்டு முழுவதற்குமான உறுதிமொழியைக் கேட்காமல், இரண்டு மணி நேரத்தையும் பொறுப்பான ஒருவரையும் மட்டும் கேளுங்கள். பெரும்பாலோர் தயங்குவது விருப்பமின்மையால் அன்று, நேரமின்மையால்தான். பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலும், ஆசிரியர் முன்னதாக நேரில் சென்று பாதுகாப்பைப் பார்த்து வருவதும் கட்டாயம். மாணவர்களைக் கூலியில்லா வேலையாட்களாக நடத்தும் இடமெனில், அந்த ஏற்பாட்டை உடனே கைவிடுங்கள். திரும்பிய பிறகு, மாணவர்கள் கண்ட தீர்வை அந்தத் தச்சரிடமே விளக்கச் செய்து, எது நடைமுறைக்கு ஒத்துவராது என்பதை அவர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்.